எழுத்துக்கூலி

எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்,
கொம்பு, கால், சுழி எல்லாம் சேர்த்து.
புள்ளிக்குக் காசில்லை.

ஓசூர் ரோட்டில், கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்வாடையில்
இருபத்திரண்டு வருஷமாகச்
செத்தவர்களுக்குப் பெயர் வெட்டுகிறேன்.
தேதியைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு
வெட்டி முடித்தபின் அழுகிறவர்கள் உண்டு.
கல்லுக்கு அழிரப்பர் கிடையாது.

சுபேதார் மார்க்கபந்து ஸ்கூட்டரில் வந்தார்.
அவர் ஓய்வுபெற்றும் மீசை ஓய்வுபெறவில்லை.
உறையில் ஒரு கடிதம், ஒரு போட்டோ.
இத்தாலியில் மோந்தெ கார்வா என்றொரு மலையூராம்.
சிறைமுகாம் கம்பியைத் தாண்டி ஓடிய நம் சாப்பர்கள் ஐந்து பேர்
அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து
கருப்புச்சட்டைக்காரர்களை எதிர்த்து நின்று,
பாலம் தகர்க்கப் போன இடத்தில்
பனிக்குள் சுடப்பட்டார்கள்.
கருப்புச்சட்டை என்றதும் நான் நிமிர்ந்தேன்.
"நம்ம ஊர்க் கருப்புச்சட்டை இல்லைய்யா,
இது வேற, நேர் எதிர்" என்றார்.

அங்கே அப்போதே கல் நட்டுவிட்டார்கள்.
இங்கே ஏட்டில் 'காணவில்லை' என்று ஒரு சொல்,
அதற்குமேல் யாரும் மை தொடவில்லை.
இப்போது அல்சூர் ஏரிக்கரையில்
ஆறு பேர் பென்ஷன் பணத்தில்
ஒரு சாதரஹள்ளிக் கல்.

போட்டோவில் இருந்த பெயர்கள்
காதில் விழுந்தபடி எழுதியவை.
பெருமாலோ. அரோக்கியோ. சினதம்பி. முனிசாமோ.
மண் ஒட்டிய வேட்டியை உதறுவதுபோல்
ஒவ்வொன்றாய் உதறினோம்.
பெருமாள் வந்தார், ஆரோக்கியம் வந்தார்,
சின்னத்தம்பியும் முனுசாமியும் வந்து நின்றார்கள்.
ஐந்தாவது: தமிர்.

தாமோதரனா? தர்மனா?
டீயில் ஆடை படியும்வரை மார்க்கபந்து பேசவில்லை.
"பேரில்லை இது. என்னமோ கேட்டிருக்காங்க,
இவன் தமிழ்னு சொல்லியிருக்கான்."

என்ன கேட்டிருப்பார்கள்?
யாரடா நீ என்றா,
உன் பாஷை என்ன என்றா,
இருட்டில் துப்பாக்கி நீட்டியவன் நில் என்றதற்கா?
ரொட்டி கொடுத்தவள்
இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்றதைப்
புரியாமல் தலையாட்டிச் சொன்னதா?
கேள்வி கேட்டவர்கள் ஒருவரும் இல்லை.
பதில் மட்டும் எண்பது வருஷமாய்
அந்த மலையில் நனைகிறது.

பெயர் தெரியாதவர் என்று போடலாமா என்றார்.
ஒன்பது எழுத்து, நூற்று அறுபத்திரண்டு ரூபாய்
என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.
கூசிப்போய்க் கல்லைத் துடைத்தேன்.
"வேணாம்," என்றார். "அவன் சொன்னதையே வெட்டு."

மேலே கன்னடம், அடுத்தது தமிழ், அடியில் இத்தாலி.
கன்னடம் ரேவண்ணா வெட்டுவான்.
போன வருஷம் பெயர்ப்பலகைத் தகராறில்
இந்த ரோட்டில் கண்ணாடிகள் உடைந்த அன்று
ஓடிவந்து என் ஷட்டரை இறக்கியவன்.
"நம்மகிட்ட இந்த ழ இல்லையே, ள போடட்டுமா?"
போடு, அங்கே ர போட்டிருக்கிறார்கள்.

நாலு பெயருக்கு மெஷின்.
ஐந்தாவதற்கு உளி எடுத்தேன்.
ழ கீழே இறங்கித் திரும்பும் வளைவில்
இந்தக் கல் சில்லு விடும்,
மூச்சை நிறுத்தித்தான் தட்ட வேண்டும்.
மத்தியானம் ஜான்சன் மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த பிரியாணி
பொட்டலம் பிரிக்காமலே ஆறியது.
சாயங்காலம் புள்ளி வைத்தேன்.
மழை வந்தால் அதில் ஒரு சொட்டு தங்கும், அவ்வளவு ஆழம்.

மூன்று எழுத்து, ஐம்பத்துநான்கு ரூபாய்.
பில்லில் எழுதினேன்.
மார்க்கபந்து குறைக்கச் சொல்லவில்லை,
நானும் குறைக்கவில்லை.
இனாமாய் வெட்டினால் அவன் யாரோ ஆகிவிடுவான்.

ரேவண்ணா எட்டிப் பார்த்தான்,
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
உரக்கப் படித்தான்.
நாக்கு மடிந்து, ளவுக்கும் ரவுக்கும் நடுவே
எங்கோ போய் விழுந்தது.
அந்த மலையூரிலும்
இப்படித்தான் கேட்டிருக்கும்.